தேடி முடித்ததும் ஊத வேண்டிய ஹாரன்

"தேடி முடிஞ்சிடுச்சுன்னு உனக்கு யாரும்மா சொன்னா?"

ஆலை மேலாளர் தாண்டவராயன் சார் ஒருமுறை என்னிடம் இப்படிக் கேட்டார். கேள்வி கேட்டுவிட்டால் பதில் வரும்வரை பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு காத்திருப்பது அவர் வழக்கம். பெரியவர்கள் கேட்டால் எனக்குப் பதில் உள்ளே உருவாகி, தொண்டைவரை வந்து, அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். அன்றைக்கு எப்படியோ ஒரு சொல் நழுவி வெளியே வந்துவிட்டது.

"ஸ்கிரீன், சார்."

"ஸ்கிரீன் சொல்லிச்சு. சரி. சிக்னல் குடுத்துச்சா?"

சொல்வதற்கும் சிக்னல் கொடுப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் பாண்டிச்செல்வி அதற்குப் பிறகும் மஞ்சள் கட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று.

எங்கள் கம்பெனி ஒரகடத்தில் இருக்கிறது. காருக்கு ஹாரன் செய்கிறோம். ஹாரனின் முதுகில் சின்னதாக ஒரு ஸ்க்ரூ இருக்கும். அதை மெஷின் திருகும், ஊதிப் பார்க்கும், காது கொடுத்துக் கேட்கும், சத்தம் சரியாக இருந்தால் விடும். அந்த மெஷினில் ஹாரனை வைத்து எடுப்பவள் பாண்டிச்செல்வி. கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. ஹாஸ்டலில் எனக்கு அடுத்த கட்டில். நான் பேசாததையும் சேர்த்து அவளே பேசிவிடுவாள் என்பதால் எங்களுக்குள் ஒத்துப்போயிற்று.

திடீரென்று எங்கள் ஹாரன்களின் சத்தம் மாறியது. 'பாம்' என்று அதட்ட வேண்டியவை 'ம்ம்மோ' என்று இழுத்தன. எல்லாம் அல்ல, சில. ஒரு வாடிக்கையாளர் புதுக் காரை எடுத்துக்கொண்டு மணிமங்கலம் சாலையில் போகும்போது ஹாரன் அடித்தாராம். ஓரமாக மேய்ந்துகொண்டிருந்த எருமை ஒன்று தலை தூக்கிப் பார்த்து, காரின் பின்னாலேயே நடக்க ஆரம்பித்துவிட்டதாம். கார் கம்பெனியிலிருந்து இது கடிதமாக வந்தது. எருமையின் படமும் இணைக்கப்பட்டிருந்தது.

குறை வந்தால் எங்கள் கம்பெனியில் நான்கு இடத்தில் சந்தேகப்பட வேண்டும் என்று விதி. ஆள், மெஷின், சாமான், முறை. சந்தேகத்துக்குரியது எதுவானாலும் அதைத் தரையில் மஞ்சள் கோடு போட்ட கட்டத்துக்குள் வைத்து மஞ்சள் டேக் மாட்டிவிட வேண்டும். குறையின் காரணத்தைத் தேடி முடிக்கும்வரை அது கட்டத்தை விட்டு அசையக் கூடாது. மெஷினைக் கட்டத்துக்குள் வைக்கலாம் என்றால் அது தரையோடு போல்ட் அடிக்கப்பட்டிருந்தது. சாமான் லாரி லாரியாக இருந்தது. முறை என்பது ஆபீஸ் அலமாரியில் ஃபைலுக்குள் இருந்தது, அலமாரிச் சாவி சென்னையில். சுலபமாக நகர்த்தக்கூடியதாக இருந்தது ஆள் மட்டுமே.

பாண்டிச்செல்வியைக் கட்டத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். டேக் மாட்டும் வேலை என்னுடையது. பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று கட்டு டேக் எப்போதும் என் இடுப்புப் பையில் இருக்கும்.

"ஏட்டி முப்பிடாதி, எங்கட்டி மாட்டப் போற? காதுலயா?" என்றாள் அவள். "கொஞ்சம் பெருசாத் தெரியுத மாதிரி மாட்டு. நாளைக்கு யாரும் என்னயப் பொட்டியில போட்டு அனுப்பிராம."

சட்டைப் பொத்தானில் மாட்டினேன்.

அவள் சிரித்தாளே தவிர, அவளுக்கு ஒரு அவசரம் இருந்தது. இருங்காட்டுக்கோட்டையில் காருக்குக் கண்ணாடி செய்யும் கம்பெனியில் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பெர்மனென்ட் வேலை. எங்கள் கம்பெனியில் முதல் வருஷம் 'கற்பவர்', இரண்டாம் வருஷம் 'பயில்பவர்', மூன்றாம் வருஷம் 'முதுநிலை பயில்பவர்', நான்காம் வருஷம் பேட்ஜ் நிறம் மட்டும் மாறி மறுபடி 'கற்பவர்'. பாண்டிச்செல்வி இரண்டாவது சுற்றுக் கற்பவர். கண்ணாடி கம்பெனிக்காரர்கள் வருகிற திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். வரும்போது இங்கிருந்து விடுவிப்புக் கடிதம் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

மனிதவளத்துறை கலைமதி மேடத்திடம் போய்க் கேட்டாள். மேடம் மிகுந்த அன்போடு விளக்கினார்.

"பாண்டிச்செல்வி, லெட்டர் குடுக்கறது நானில்லம்மா. சிஸ்டம். உன் நம்பர்ல பச்சை டேக் ஸ்கேன் ஆச்சுன்னா அதுவே பிரிண்ட் ஆயிடும். கையெழுத்துகூட தேவையில்ல. அத என்னால குடுக்கவும் முடியாது, தடுக்கவும் முடியாது. அதுக்குத்தான் என்னை இங்க வெச்சிருக்காங்க."

"அப்ப பச்சை எப்ப மேடம் வரும்?"

"தேடி முடிச்சதும். நம்ம கம்பெனி யாரையும் பிடிச்சு வெக்கறதில்லம்மா. பாதுகாத்து வெக்கறோம்."

தேடுவதற்கு லோகேஷ் வந்தான். மண்ணூர்ப் பையன், மெஷின்களுக்கு உள்ளே ஓடும் புரோகிராமைப் பார்த்துக்கொள்பவன். அந்தப் புரோகிராமை யார் எப்போது மாற்றினாலும், பழையதை அழிக்காமல் புதியதை அதன் மேல் வரிசையாக அடுக்கிவைக்கும் சாஃப்ட்வேர் ஒன்று இருக்கிறது. எங்கள் மெஷினுக்கு அப்படி எழுநூற்றுச் சொச்சம் வெர்ஷன்கள் சேர்ந்திருந்தன. போன வருஷ வெர்ஷனில் ஹாரன் நன்றாக ஊதியது. இப்போதுள்ளதில் எருமை வருகிறது. நடுவில் எந்த வெர்ஷனில் கெட்டது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

"ஒவ்வொண்ணா பாத்துகினு இருந்தா தீபாவளி வந்துடும்," என்றான் லோகேஷ். "பாதிக்குப் பாதி வெட்டணும். நடுவுல இருக்கற வெர்ஷன போடு. நல்லா ஊதுதா? அப்ப கெட்டது அதுக்கப்புறம் கீது. மோ-ங்குதா? அதுக்கு முன்னாடி கீது. மிச்சத்துல மறுபடி நடு."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் ஹாஸ்டலில் யாராவது ஒளித்துவைத்து இண்டக்ஷன் அடுப்பு போட்டு ஃபியூஸ் போனால், வார்டன் அக்கா அறை அறையாகத் தேடமாட்டார். பாதி அறைக்கு கரண்டை நிறுத்துவார். அப்புறம் பாதியில் பாதி. கடைசியில் ஒரு அறைக் கதவைத் தட்டும்போது உள்ளே முட்டை வெந்துகொண்டிருக்கும்.

தேடலில் என் வேலை இதுதான்: மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். சாஃப்ட்வேர் ஒரு வெர்ஷனை எடுத்துப் போடும். அதில் வரிசையாகச் சில ஹாரன்களைத் திருகவிட்டு ஊதிக் கேட்டு, ஒன்று இழுத்தாலும் 'கெட்டது', எல்லாம் அதட்டினால் 'நல்லது' என்று பட்டனை அமுக்க வேண்டும். அமுக்கியதும் மெஷினின் தலையில் இருக்கும் விளக்கு பச்சையாக எரியும். விளக்கு வேண்டும் என்றது தாண்டவராயன் சார். விளக்கில்லாத இயந்திரத்தை அவர் நம்புவதில்லை. மைக்ரோவேவில் டிபன் பாக்ஸைச் சூடு பண்ணுவதற்கே சாப்பாட்டு அறையில் மூன்று நிற விளக்கு வைத்திருக்கிறார்.

முதல் நாள் மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் தேடல் முடிந்துவிட்டது. கடைசியாக நான் 'கெட்டது' அமுக்கியதும், ஸ்கிரீனில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. லோகேஷ் எட்டிப் பார்த்து, "முதல் கெட்ட வெர்ஷன் இதான்னு சொல்லிடுச்சு. வேலை ஓவர்," என்றான்.

பாண்டிச்செல்வி கட்டத்துக்குள்ளிருந்தே எழுந்து நின்றாள். "ஏட்டி, நானா, மெஷினா?"

"மெஷின்," என்றேன்.

"நான் அப்பவே சொன்னேம்லா."

தாண்டவராயன் சார் வேகமாக வந்தார். அதுவரை இந்தத் தேடலில் அவரைப்போல் ஆர்வம் காட்டியவர் யாரும் இல்லை. "யாரா இருந்தாலும் விடக் கூடாது," என்று காலையிலிருந்து மூன்று தடவை சொல்லியிருந்தார். லோகேஷ் அந்த வெர்ஷனைத் திறந்து அதற்குக் கீழே எழுதியிருந்த குறிப்பைச் சத்தமாகப் படித்தான்.

"'ஹாரனை இரண்டு முறை கேட்பது நேர விரயம். இனி ஒரு முறை கேட்டால் போதும். வேகக் கேடயத்துக்காக. யோசனை: திரு. தாண்டவராயன்.'"

வேகமான உற்பத்திக்குத் தரப்படும் அந்தக் கேடயம் எங்கள் வரவேற்பறையில் இருக்கிறது. சார் அதைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் படமும் இருக்கிறது.

சார் கொஞ்ச நேரம் ஸ்கிரீனைப் பார்த்தார். பிறகு விளக்கைப் பார்த்தார். பிறகு அங்கே இருந்தவர்களில் பதில் பேசத் தெரியாதவள் யார் என்று பார்த்து, என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். சிக்னல் கொடுத்ததா என்றார்.

"விளக்கு என்னா கலர்ம்மா?"

"பச்சை, சார்."

"இதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவ அமுக்கும்போது?"

"பச்சை, சார்."

"அப்ப கடைசி தடவைக்கும் முந்தின தடவைக்கும் வித்தியாசமே இல்ல. அமுக்கினத வாங்கிகிட்டேன்னு பச்சை. தேடி முடிச்சுட்டேன்னும் பச்சை. இத வெச்சு முடிஞ்சிடுச்சுன்னு நான் எப்படிம்மா கையெழுத்து போடுவேன்? நாளைக்கு ஆடிட்ல கேப்பான்."

"சார், ஸ்கிரீன்ல எழுத்துல கீது சார்," என்றான் லோகேஷ்.

"எழுத்து யாரு வேணா எழுதலாம் லோகேஷ். நானே எவ்வளவோ எழுதியிருக்கேன்."

லோகேஷுக்குக் கோபம் வந்தாலும் நியாயத்தை விடமாட்டான். சார் சொல்வதில் ஒரு விஷயம் இருக்கிறது என்று ஒத்துக்கொண்டான். அந்த சாஃப்ட்வேர் ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் ஒரு எண்ணை வெளியே அனுப்புமாம். விளக்கு அந்த எண்ணை மட்டும்தான் பார்க்கும். அதற்குப் படிக்கத் தெரியாது. ஒரு படி நடந்தது என்றாலும் பூஜ்யம், தேடி முடித்தது என்றாலும் பூஜ்யம். மனிதன் எழுத்தைப் படித்துத் தெரிந்துகொள்வான், விளக்குக்குத் தெரியாது.

"முடிஞ்சா மட்டும் வேற நம்பர் அனுப்புன்னு ரெண்டு வரி எழுதிட்டா மேட்டர் ஓவர் சார். பத்துனு வெச்சுக்கலாம்."

பத்து என்று அவன் வாய்க்கு வந்ததைச் சொன்னான். அதுதான் தவறாகப் போயிற்று. அன்று மாலையே 'தேடல் நிறைவு அறிவிப்புக் குழு' அமைக்கப்பட்டது.

பட்டனை அமுக்கியவள் என்பதால் குழுவின் கூட்டங்களில் நானும் ஒரு மூலையில் உட்கார வேண்டும் என்று உத்தரவு. பேச வேண்டியதில்லை. அது எனக்கு வசதியாக இருந்தது.

முதல் கூட்டத்தில் பூஜ்யத்தைப் பற்றி விவாதித்தார்கள். தாண்டவராயன் சார் எழுந்து, சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். 'குறை: பூஜ்யம். அதுவே நம் லட்சியம்.' அவர் குரல் தழுதழுத்தது.

"பதினாறு வருஷமா இந்த ஆலையில பூஜ்யம்னா நல்லது. பூஜ்யத்துக்கு மேல எது வந்தாலும் குறை. ஒரு குறைன்னா ஒண்ணு, பத்து குறைன்னா பத்து. இப்ப தம்பி, தேடி முடிஞ்சா பத்துனு அனுப்பலாம்கறார். அப்ப நாம ஒரு வேலைய முடிச்சா பத்து குறைன்னு அர்த்தம். முடிக்கலைன்னா பூஜ்யம். நான் கேக்கறேன், எது நல்லது?"

முடிக்காமல் இருப்பதுதான் நல்லது என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். டீ வந்தது.

இரண்டாவது கூட்டத்தில், வேறு வழியில்லை என்றால் பூஜ்யமல்லாத எண் ஒன்றை அனுமதிக்கலாம் என்று இறங்கி வந்தார்கள். எந்த எண் என்று பேச்சு வந்தது. எட்டு கூடவே கூடாது என்றார் கணக்குப் பிரிவு. ஆறு தனக்கு ராசி என்றார் ஸ்டோர்ஸ். பத்து என்றால் ஒன்றும் பூஜ்யமும், கூட்டினால் ஒன்று, அது சூரியன், சூரியன் மேலிடத்தைக் குறிக்கும், மேலிடத்தைக் கேட்காமல் அனுப்பலாமா என்று ஒருவர் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

கலைமதி மேடம் வேறொரு கோணத்தைக் கொண்டுவந்தார். "'முடிவு'ங்கற வார்த்தையே எனக்கு நெகட்டிவா படுது சார். ஒரு தேடல் முடியும்போது அதோட மனநிலை எப்படி இருக்கும்னு நாம யோசிக்கல. அது இவ்வளவு நாள் உழைச்சிருக்கு. ஒரு கேக் வெட்டலாம்."

அது இவ்வளவு நாள் உழைக்கவில்லை, ஒரு காலை நேரம்தான் உழைத்தது என்று லோகேஷ் சொன்னான். அவனுடைய குறுக்கீடு குறித்துக்கொள்ளப்பட்டது.

குழு கூடாத நேரங்களில் தேடல் 'நடந்துகொண்டிருந்தது'. அதாவது, சிக்னல் இல்லாததால் அது முடியவில்லை, முடியாததால் நான் போய் உட்கார்ந்து அமுக்க வேண்டும். அமுக்கினேன். ஸ்கிரீன் அதே வரியைச் சொன்னது. மறுநாளும் அமுக்கினேன். அதே வரி. ஒருவரிடம் ஒரே கேள்வியைத் தினமும் கேட்டால் குரலிலாவது ஒரு சலிப்பு வரும். அந்த சாஃப்ட்வேருக்கு அதுவும் இல்லை. காரணம் அதிகாரபூர்வமாகக் கண்டுபிடிக்கப்படவில்லை என்பதால் மெஷினின் புரோகிராமையும் திருத்தவில்லை. உற்பத்தி இலக்கு மட்டும் அப்படியே இருந்தது. ஆகவே லைன் இரவு பகலாக எருமைகளைச் செய்துகொண்டிருந்தது. அவற்றைப் பெட்டி பெட்டியாக மஞ்சள் கட்டங்களில் அடுக்கினோம். கட்டங்கள் நிரம்ப, புதுக் கட்டங்கள் வரைந்தோம். மஞ்சள் பெயின்ட் தீர்ந்தது. பெயின்ட் வாங்க விலைப்புள்ளி கேட்டிருந்தார்கள்.

பாண்டிச்செல்வியின் கட்டம் மட்டும் அவளோடு அப்படியே இருந்தது. கட்டத்தில் வைத்த பொருள்களை ஷிஃப்டுக்கு ஒரு தடவை சோதிக்க வேண்டும் என்று விதி. ஒருவர் வந்து அவளைச் சுற்றி நடந்து, 'துரு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

"அண்ணே, உள்ளுக்குள்ள லேசாப் பிடிக்க ஆரம்பிச்சிருக்கு. அதையும் எழுதிக்கிடுங்க," என்பாள்.

சாயங்காலம் ஹாஸ்டலுக்குப் போவதில் ஒரு சிக்கல் இருந்தது. மஞ்சள் டேக் போட்ட பொருள் கேட்டைத் தாண்டக் கூடாது. ரிப்பேருக்கு வெளியே அனுப்பும் அச்சுகளுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு: 'திரும்பி வர வேண்டிய பொருள்' என்ற சீட்டில் போகலாம், காலையில் திரும்ப வேண்டும். அந்தச் சீட்டில்தான் அவளும் போய் வந்தாள். கேட்டில் இருக்கும் காசிராஜன் அண்ணாச்சிக்கு எங்கள் பக்கத்து ஊர்தான். ஆனாலும் விதி விதிதான்.

"உருப்படி ஒண்ணு. திரும்பி வரணும். நிலைமை?" என்று பேனாவோடு அவளை ஏற இறங்கப் பார்ப்பார். "சுமார்னு போடுதேன்."

"என்ன அண்ணாச்சி, நேத்தும் சுமார்னு போட்டீரு. இன்னைக்குப் பவுடர் அடிச்சிருக்கேன் பாரும். நல்லதுன்னு போடும்."

"காலையில வாரப்ப அதே நிலைமையில வரணும் தாயி. இல்லைன்னா எனக்குத்தான் மெமோ."

வெளியே வந்த பிறகு அவள் சிரிப்பு நின்றுவிடும். ஷேர் ஆட்டோவில் கண்ணாடி கம்பெனியிலிருந்து போன் வரும். "வந்துருவேன் சார், லெட்டரோட வந்துருவேன்," என்று கத்தி, வைத்துவிட்டு, என் தோளில் சாய்வாள். "ஏட்டி, அங்க போயி மறுபடி கற்பவர்னு போட்டாலும் பரவால்ல. இந்தக் கட்டத்துக்குள்ள இருந்து கற்க முடியல."

வெள்ளிக்கிழமை கூட்டத்தில்தான் விடிவு வந்தது. எல்லா எண்களும் எல்லா நிறங்களும் தள்ளப்பட்ட பிறகு, தாண்டவராயன் சார் மெதுவாக எழுந்தார்.

"நாம என்ன கம்பெனி?"

எல்லோரும் டீ கப்புக்குள் பார்த்தார்கள். தவறாகிவிடுமோ என்று பயம்.

"ஹாரன் கம்பெனி. ஊருக்கெல்லாம் சிக்னல் செஞ்சு குடுக்கறோம். நமக்கு ஒரு சிக்னல் இல்லாம தெருத்தெருவா அலையறோம். தேடி முடிஞ்சா ஹாரன் ஊதட்டும். நம்ம ஹாரன். நம்ம லைன்ல இருந்து எடுத்த ஹாரன்."

கைதட்டல் ஓய நேரமாயிற்று. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். லோகேஷ் மட்டும் கையைத் தூக்கினான். "சார், இப்ப லைன்ல வர ஹாரன்..."

"நம்ம பொருள்மேல நமக்கே நம்பிக்கை இல்லைன்னா எப்படி தம்பி?"

லோகேஷ் உட்கார்ந்தான். சனிக்கிழமை காலைக்குள் இரண்டு வரி எழுதினான். தேடி முடிந்தால் எண்ணுக்குப் பதில் ஹாரன். எழுதி மெஷினில் ஏற்றியதும் ஒரு சிக்கல் முளைத்தது. அந்த இரண்டு வரியும் ஒரு புது வெர்ஷன். அதாவது வரிசை நீண்டுவிட்டது. நீண்டுவிட்ட வரிசையில் முன்பு கண்டுபிடித்தது செல்லுமா? செல்லாது என்றார் சார். தேடலை முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு அது கஷ்டமாகப் படவில்லை. தினமும் அதைத்தானே செய்கிறேன்.

ஆனால் அன்று சனிக்கிழமை. திங்கட்கிழமைக்கு முன்னால் ஆபீஸ் சிஸ்டம் திறந்திருக்கும் கடைசி நாள். பாண்டிச்செல்வி அன்று எதுவும் பேசவில்லை. துரு சோதிக்க வந்தவர், உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

அன்றுதான் கார் கம்பெனியிலிருந்து அறிவுமதி என்ற ஆடிட்டர் அம்மாவும் வந்தார். குட்டையாக, வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு, யார் பேசினாலும் தரையைப் பார்த்தே கேட்பார். தரையில்தான் எல்லாத் தப்பும் இருக்குமாம். அவர் முன்னிலையில் நிறைவு ஹாரனைத் தொடங்கிவைப்பது என்று ஏற்பாடு. மெஷினுக்கு மாலை போட்டிருந்தார்கள். விளக்குக்குக் குங்குமம். ஹாரனை ஒரு ஸ்டாண்டில் வைத்து ரிப்பன் கட்டியிருந்தார்கள். கேக்கும் இருந்தது. அதில் 'நிறைவு' என்று எழுதியிருந்தது.

தாண்டவராயன் சார் பேசினார். "ஒரு நிறுவனம் குறைய கண்டுபிடிக்கறது பெருசில்ல. எந்த நிறுவனமும் கண்டுபிடிக்கும். கண்டுபிடிச்சுட்டோம்னு எப்படி கண்டுபிடிக்கறதுன்னு கண்டுபிடிச்சது நாமதான். இதுல நம்ம பெண் தொழிலாளர்களோட பங்கு இருக்கு. ஒரு சகோதரி பொறுமையா உட்கார்ந்து ஒத்துழைச்சாங்க."

எல்லோரும் என்னைப் பார்த்துக் கைதட்டினார்கள். சார் சொன்னது என்னையா, கட்டத்துக்குள் இருந்தவளையா என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு நான் அமுக்க ஆரம்பித்தேன். நல்லது. கெட்டது. கெட்டது. நல்லது. ஒவ்வொரு முறையும் விளக்கு பச்சையாகியது. ஒவ்வொரு பச்சைக்கும் கைதட்டினார்கள். கடைசி 'கெட்டது' அமுக்கினேன். ஸ்கிரீனில் அதே வரி வந்தது. ஸ்டாண்டில் இருந்த ஹாரன் ஊதியது.

"ம்ம்ம்மோ."

நீளமாக, நிதானமாக, யாரையோ வீட்டுக்குக் கூப்பிடுவதுபோல் ஊதியது. பிறகு, காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் புறம்போக்கில் மேய்ந்துகொண்டிருந்த எருமை ஒன்று பதில் சொன்னது.

ஆடிட்டர் அம்மா முதல்முறையாகத் தரையிலிருந்து தலையைத் தூக்கினார். "சார், இது உங்க ஹாரனா?"

"ஹாரன் இல்ல மேடம். சிக்னல்," என்றார் சார்.

"சிக்னல் நல்லதா, கெட்டதா?"

நல்லது என்றால் எருமையை ஒத்துக்கொண்டதாகும். கெட்டது என்றால் தேடி முடியவில்லை. சாரின் நெற்றி வேர்த்தது. அவர் எப்போதும் போகிற இடத்துக்கே போய்ச் சேர்ந்தார்.

"சந்தேகத்துக்குரியது, மேடம்."

"சந்தேகத்துக்குரியத எங்க வெப்பீங்க?"

"மஞ்சள் கட்டத்துல."

"வைங்க. பாக்கறேன்."

ரிப்பனோடு ஹாரனைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் போனோம். எல்லாக் கட்டங்களிலும் பெட்டிகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. புது மஞ்சள் பெயின்டுக்கு விலைப்புள்ளி இன்னும் வரவில்லை. கடைசிக் கட்டத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது, அதன்மேல் பாண்டிச்செல்வி இருந்தாள். சார் அவசரத்தில் ஹாரனை அவள் காலடியில் வைத்தார்.

"ஒரு கட்டத்துல ரெண்டு உருப்படி," என்றார் ஆடிட்டர் அம்மா, தரையைப் பார்த்தபடி. "கலப்பு. எழுதிக்கவா?"

கலப்பு என்பது எங்கள் கம்பெனியில் குறையைவிடப் பெரிய வார்த்தை. குறை ஒரு ஹாரனோடு போகும், கலப்பு ஆலையையே மூடும் என்று வகுப்பு எடுப்பார்கள். சாரின் முகம் வெளுத்துவிட்டது. அவர் நாற்காலியைப் பார்க்கவே இல்லை. ஆடிட்டர் அம்மாவின் பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, நீ! முதல்ல உள்ள இருக்கற உருப்படிய ரிலீஸ் பண்ணு. உடனே பண்ணு. கலக்கக் கூடாது."

நான்தான் டேக் மாட்டுபவள். மஞ்சளைக் கழற்றினால் பச்சையோ சிவப்போ மாட்டியாக வேண்டும். ரிலீஸ் என்றால் பச்சை. சார் கண்ணெதிரே, பாண்டிச்செல்வியின் பொத்தானிலிருந்து மஞ்சளைக் கழற்றி ஹாரனில் மாட்டினேன். பச்சை டேக்கில் அவள் நம்பரை எழுதி அவளுக்கு மாட்டினேன். கையில் இருந்த ஸ்கேனரை வைத்து அமுக்கினேன். அது 'டிங்' என்றது. இத்தனை கூட்டங்களில் ஒருவருக்கும் தோன்றாத, தெளிவான, சின்னச் சத்தம்.

"இப்ப ஒரு கட்டம், ஒரு உருப்படி," என்றார் சார், நெற்றியைத் துடைத்துக்கொண்டு. ஆடிட்டர் அம்மா தலையசைத்தார்.

பச்சை டேக் மாட்டியவர், உருப்படியைக் கேட்வரை கொண்டுபோய் விட வேண்டும் என்பதும் விதி. நாங்கள் நடந்தோம். பின்னால் விவாதம் ஆரம்பித்திருந்தது. ஹாரன் ஊதியதால் தேடல் முடிந்ததா, ஊதிய ஹாரன் கட்டத்தில் இருப்பதால் முடியவில்லையா என்று கணக்குப் பிரிவு கேட்டது. "துணைக் குழு ஒண்ணு போடலாம் சார்," என்றது கலைமதி மேடத்தின் குரல். "போட்டுகினே இருங்க," என்றது லோகேஷின் குரல்.

மனிதவளத்துறை அறையில் யாரும் இல்லை. எல்லோரும் கேக்கிடம் இருந்தார்கள். மூலையில் பிரிண்டர் தானாக முனகி ஒரு தாளை வெளியே தள்ளியது. 'இவர் இன்றுடன் விடுவிக்கப்படுகிறார். கையெழுத்து தேவையில்லை.' பாண்டிச்செல்வி அதை எடுத்து, நான்காக மடித்து, கைப்பைக்குள் வைத்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். ஏட்டி என்றாவது.

காசிராஜன் அண்ணாச்சி பச்சை டேக்கை ஒருமுறை, மூக்குக் கண்ணாடி போட்டு இன்னொருமுறை பார்த்தார். வழக்கமான சீட்டுக்கட்டை ஓரமாக வைத்துவிட்டு, மேஜையின் அடியிலிருந்து வேறொரு கட்டை எடுத்துத் தூசி தட்டினார். 'திரும்பி வர வேண்டாத பொருள்.'

"உருப்படி ஒண்ணு," என்று எழுதினார். "நிலைமை என்ன தாயி போடட்டும்? நீயே சொல்லு."

அவள் சொல்லவில்லை. வாய் திறந்தால் அது ஏதோ ஒரு சிக்னல் ஆகிவிடும், அதைப் பற்றிப் பேச உள்ளே ஒரு குழு உட்கார்ந்துவிடும் என்று பயந்தாளோ என்னவோ. அண்ணாச்சி சற்று நேரம் பார்த்துவிட்டு, தானாகவே 'நல்லது' என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தார். உள்ளே மறுபடியும் ஹாரனைச் சோதித்தார்கள். சுவருக்கு அப்பாலிருந்து எருமை பதில் சொன்னது. பாண்டிச்செல்வி என் கையை ஒருமுறை அழுத்திப் பிடித்தாள், விட்டாள். பொத்தானிலிருந்து பச்சை டேக்கைக் கழற்றி என் இடுப்புப் பைக்குள் போட்டாள். ஒரு வார்த்தையும் பேசாமல் கேட்டைத் தாண்டிப் போனாள்.